டைகரின் கண்ணோர முடி

நாயின் கண்ணோர முடியை வெட்டும் வேலையில் நாயால் வரும் தொல்லை மிகக் கொஞ்சம். அடுத்தவர் வீட்டு நாயின் தாடையை ஒரு நாளாவது பிடித்தவர்களுக்கு இது தெரியும்.

விலங்கியலில் பட்டம் வாங்கிய கையோடு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கால்நடை டாக்டரிடம் உதவிக்குச் சேர்ந்தேன். எண்பதுகளின் கடைசி. வசதியான வீடுகளில் பெங்களூரிலிருந்து சடைநாய்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. டாக்டருக்கு மாடு பார்க்கவே நேரம் போதாது. கண்ணை மறைக்கும் முடியை வீடு வீடாகப் போய் வெட்டுவதும், வீட்டிலேயே வெட்டச் சொல்லிக்கொடுப்பதும் என் தலையில் விழுந்தன. வெட்டக் கை வந்தது. சொல்லிக்கொடுக்கத்தான் வாய் வரவில்லை.

தையல் கத்தரி

ராஜபாளையத்தில் ஒரு மில்காரர் வீடு. நாய் ஓடியாடிக் களைத்த பிறகு வெட்டுங்கள், ஈரப் பஞ்சால் பீளையைத் துடையுங்கள், ஒருவர் தாடையைப் பிடித்துக்கொள்ளுங்கள், முனை மழுங்கிய சின்னக் கத்தரியைக் கண்ணுக்கு நேரே நீட்டாமல் மூக்கை ஒட்டிப் படுக்கவைத்து நுனிமுடியை மட்டும் எடுங்கள் என்று தரையைப் பார்த்துச் சொல்லி முடித்தேன். வீட்டம்மா தலையாட்டினார். அடுத்த முறை போனபோது முழ நீளத் தையல் கத்தரியுடன் கட்டிலுக்கு முன்னால் குனிந்திருந்தார். விவரமான நாய், கட்டிலுக்கு அடியிலிருந்து வரவே இல்லை. “வேண்டாங்க” என்றேன். எனக்கே கேட்கவில்லை. அவர் கத்தரியைத் தட்டிக் காட்டினார். “நாலு மடிப்புத் துணியே இதுல வழுக்கிட்டுப் போகுது. நாய் முடி என்னம்மா பெரிசு?”

சாமிக்கு நேர்ந்த முடி

ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே மடவார் வளாகத்தில் ஒரு பாத்திரக்கடைக்காரர். அவர் வீட்டு நாயின் பெயர் டைகர். முழ உயரம், உடம்பெல்லாம் முடி, எந்தப் பக்கம் முகம் என்று மூக்கைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். முடியை விலக்கிப் பார்த்தேன். இடது கண் சிவந்து ஒழுகியது. முடிநுனி விழியிலேயே குத்திக்கொண்டிருந்தது. பையிலிருந்து கத்தரியை எடுத்ததுதான் தாமதம், கடைக்காரர் மனைவி பாய்ந்து கையைப் பிடித்தார். குட்டியில் வயிற்றோட்டம் வந்து பிழைக்காது என்றிருந்தபோது, சேத்தூர்ப் பக்கம் உள்ள குலதெய்வத்துக்கு மொட்டை போடுவதாக நேர்ந்துகொண்டார்களாம். “ஏட்டி, கத்தரிய உள்ள வையி. பங்குனியில சாமிக்கு எறக்குற முடி. அதுவரைக்கும் ஒத்த மயிரு கீழ விழக் கூடாது.”

ரிப்பன்

வெட்டத்தானே கூடாது, கட்டலாமே என்று தோன்றியது. நெற்றி முடியைச் சீப்பால் வாரி உச்சியில் சேர்த்து என் ரிப்பனால் கட்டினேன். டைகர் முதல்முறையாக என்னை நேராகப் பார்த்தது. பிறகு சுவர், பல்லி, எல்லாவற்றையும் பார்த்தது. இரண்டு நாள் கழித்துப் போனால் முடி பழையபடி கண்ணில் கிடந்தது. கடைக்காரர் ரிப்பனை மடித்து என்னிடமே கொடுத்தார். “ஆம்பள நாயி. டைகருன்னு பேரு வச்சுட்டு ரிப்பனக் கட்டிவிட்டா, கூட்டிட்டு நான் தெருவுல எப்படிம்மா போறது?”

டாக்டர் வந்தார்

எனக்குத்தான் வாயில்லை, டாக்டர் பேசுவார் என்று அழைத்துப் போனேன். கண்ணைப் பார்த்து உச்சுக்கொட்டினார். களிம்பு கொடுத்தார். பங்காளி வகையில் ஒரு சாவு, அதனால் இந்தப் பங்குனிக்குக் கோயில் இல்லை, அடுத்த பங்குனிதான் என்றார்கள். டாக்டர் முடியை வெட்டச் சொல்லாமலே காப்பியைக் குடித்து முடித்து எழுந்துவிட்டார். தெருவில் அவர் பின்னாலேயே ஓடினேன். “மாட்டுக்காரன்னா அதட்டிச் சொல்லிருவேன். சாமி காரியத்துல நம்ம என்னத்தச் சொல்ல?” என்றார்.

அதன் பிறகு வாராவாரம் பஞ்சும் வெந்நீருமாகப் போய் வந்தேன். முடியை விலக்கிவிட்டு நான் வாசல் தாண்டுவதற்குள் அது மறுபடி கண்ணில் விழுந்திருக்கும்.

மொட்டை

அடுத்த பங்குனியில் என்னையும் வேனில் ஏற்றிக்கொண்டார்கள். உடம்பை நாவிதர் வழித்தார். கண்ணோரம் மட்டும் என்னிடம் விட்டார். தாடையைப் பிடிக்க ஆளே தேவைப்படவில்லை. டைகர் தானாகவே முகத்தை என் உள்ளங்கையில் வைத்துக்கொண்டது. மூக்கோரமாகக் கத்தரியைப் படுக்கவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தேன். ஒரு கீறல் இல்லை. வலது கண் பளிச்சென்று இருந்தது. இடது கண்ணில் பூ விழுந்திருந்தது.

கடைக்காரர் மனைவி அந்தப் பக்கமாகக் கையை ஆட்டிப் பார்த்தார். டைகர் இமைக்கவில்லை. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். “சாமிகிட்ட நாங்க உசிரத்தான கேட்டோம்? கண்ணு ஒம் பொறுப்புல்ல?”

இந்த வேலைக்குக் கத்தரியின் முனை மழுங்கலாகவும் நாக்கின் முனை கூராகவும் இருக்க வேண்டும். எனக்குக் கத்தரி மட்டும் சரியாக அமைந்தது.