முந்திக் கேட்ட பாட்டு

போன வருடம் ஆடி மாதம், சிட்னியில் நல்ல குளிர். நார்த்மீட்டில் மகளுடைய வீட்டில், நான் சமைக்கிற குசினியில் நடந்த சம்பவம் இது. நடந்தது என்று சொன்னாலும், மகளைத் தவிர யாரும் வரவும் இல்லை, போகவும் இல்லை. மற்றபடி நானும் ஒரு ரேடியோவும் மட்டும்தான் இருந்தோம்.

இங்கே ஒரு தமிழ் வானொலி இருக்கிறது. சனிக்கிழமை பின்னேரம் நாலு மணியிலிருந்து ஆறு மணி வரை போன் எடுத்துப் பாட்டுக் கேட்கலாம். எங்கேயிருந்து கேட்கிறோம், யாருக்காகக் கேட்கிறோம் என்று சொல்ல வேண்டும். ஒரு ஒழுங்கும் வைத்திருந்தார்கள். ஒரு பாட்டைப் போட்டால் ஒரு மாதத்துக்கு அதைத் திரும்பப் போட மாட்டார்கள். இல்லாவிட்டால் எல்லோரும் அதே பத்துப் பாட்டைத்தான் கேட்பார்களாம்.

நான் கேட்பது ஒரே ஒரு பாட்டு. பழைய பாட்டு. தொடக்கத்தில் ஒரு புல்லாங்குழல் தனியாக வரும், பிறகுதான் மற்ற வாத்தியங்கள் சேரும். என் கணவருக்குப் பாட வராது. ஆனால் அந்தக் குழலை அப்படியே விசிலில் அடிப்பார். யாழ்ப்பாணத்தில் இருந்தபோது வேலை முடிந்து சைக்கிளில் வரும்போது தெருவிலிருந்து திரும்புகிற ஒழுங்கை முடக்கிலேயே அந்த விசில் கேட்கும். நான் அடுப்பில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைப்பேன். அவர் செருப்பைக் கழற்றும்போது தண்ணீர் கொதிக்கும். சிட்னிக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. பரமட்டாவுக்குப் போய்ச் சும்மா சுற்றிவிட்டு பஸ்ஸில் வருவார். இறங்கி ஏற்றத்தில் நடந்து வரும்போதே விசில் தொடங்கிவிடும். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி, தோட்டத்தில் நிற்கிறவள், என்னைப் பார்த்துக் கையால் கோப்பை பிடிப்பது போலக் காட்டிச் சிரிப்பாள். நானும் என் கணவரும் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. அந்த விசில்தான் அவர் என்னைக் கூப்பிட்ட விதம்.

அவர் போய் நாலு வருடம் ஆகிறது.

மகள் என் போனில் அந்தப் பாட்டை ஏற்றித் தந்தாள். "எத்தினை தரமும் கேக்கலாம், அம்மா. எதுக்கு ரேடியோக்காரரைக் கரைச்சல் படுத்திறியள்?" என்று கேட்டாள். நானும் போட்டுப் பார்த்தேன். சரிவரவில்லை. நானே பட்டனை அமத்தி, நானே கேட்கிற பாட்டு வேறு. வெளியிலிருந்து வந்து காதில் விழுகிற பாட்டு வேறு. ரேடியோவில் கேட்டால், எப்போது போடுவார்கள் என்று எனக்குத் தெரியாது. வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பேன். உடுப்பு மடித்துக்கொண்டிருப்பேன். திடீரென்று குழல் எழும்பும். அந்த ஒரு கணம் ஆள் ஏற்றத்தில் வருகிற மாதிரியே இருக்கும். அதற்காகத்தான் மாதம் ஒரு முறை கேட்டேன்.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். இதை எழுதவே எனக்கு ஒன்பது நாள் பிடித்தது. எழுத்துப் பிழைகளை மகள் திருத்தினாள், விஷயத்தில் கை வைக்க விடவில்லை. ஆனால் ரேடியோக்காரரின் போன் எண் எனக்கு மறக்காது. நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே எடுத்துக் காத்திருப்பேன். முதல் நேயர் நான்தான். அதில் எனக்கு ஒரு பெருமை. கோயிலில் கண்டால், "போன மாதமும் நீங்கள்தானே முதல், அன்ரி" என்று பெண்கள் சொல்வார்கள். ஓம் என்று தலையாட்டிவிட்டுப் போவேன்.

போன வருடம் மாசியில் என்று நினைக்கிறேன், ஒரு சனிக்கிழமை எனக்கு முன்னால் ஒருவர் எடுத்துவிட்டார். குவேக்கர்ஸ் ஹில்லிலிருந்து பேசுவதாகச் சொன்னார். நாற்பது வயது மதிக்கத்தக்க குரல். வன்னிப் பக்கத்துப் பேச்சு. பின்னால் ஏணி இழுபடுகிற சத்தம். வீடுகளுக்குப் பெயின்ற் அடிக்கிற வேலையாம். ஊரில் இருக்கிற தன் அம்மாவுக்காக ஒரு பாட்டு வேண்டும் என்றார். சொன்னது என்னுடைய பாட்டை.

அடுத்ததாக என் முறை வந்தது. நிகழ்ச்சி நடத்துகிற பெண் கெல்லிவில்லில் இருந்து வருகிறவள், தமிழ்நாட்டுப் பிள்ளை. சம்பளம் இல்லாமல் செய்கிறாள், நல்ல பிள்ளை.

"ஆன்ட்டி, அந்தப் பாட்டை இப்பதானே ஒருத்தர் கேட்டுட்டாங்க. இனிமே அடுத்த மாசம்தான். வேற ஏதாவது போடட்டுமா?"

வேறு ஒன்றும் வேண்டாம் என்று சொல்லி வைத்துவிட்டேன். அன்றைக்கு அந்தக் குழல் கேட்டபோது எனக்கு அவர் வருகிற மாதிரி இருக்கவில்லை. யாரோ அந்நியன் எங்கள் படலையைத் திறந்துகொண்டு வந்த மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு இது ஒரு போட்டியாகிவிட்டது. ஒரு மாதம் நான், ஒரு மாதம் அவர். அவர் ஒவ்வொரு முறையும் ஏதாவது சொல்வார். கடல் கடந்து வள்ளத்தில் வந்தவராம். பன்னிரண்டு வருடமாகத் தற்காலிக விசாவாம். நாட்டை விட்டுப் போனால் திரும்பி வர ஏலாது, அதனால் அம்மாவைப் போய்ப் பார்க்க முடியவில்லையாம். அம்மா இந்த நிகழ்ச்சியைப் போனில் கேட்கிறாவாம். மகனுடைய குரல் ரேடியோவில் வருகிறது என்று அயலெல்லாம் கூப்பிட்டு வைத்துக்கொண்டு கேட்பாவாம்.

இதையெல்லாம் கேட்டும் என் மனம் இளகவில்லை. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். நாங்கள் முறைப்படி பிளேனில் வந்தவர்கள் என்று எனக்குள் ஒரு மிதப்பு இருந்தது. ஒரு நாள் வாய்விட்டே சொன்னேன், வள்ளத்தில் வந்ததுகளுக்கு எல்லாத்திலும் அவசரம் என்று. மகள் பாத்திரம் கழுவிக்கொண்டு நின்றவள், திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்:

"நீங்கள் பிளேனில வந்தது நான் ஸ்பொன்சர் பண்ணினதால, அம்மா. கெட்டித்தனத்தால இல்லை."

நான் எழும்பி அறைக்குள் போய்விட்டேன்.

அப்படியே ஆடி மாதம் வந்தது. பாட்டுக்கு ஒரு மாதம் முடிந்த சனிக்கிழமை. மகள் சாமான் வாங்கக் காரை எடுத்துக்கொண்டு போயிருந்தாள். மூன்றரைக்கே நான் போனோடு கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். நிகழ்ச்சி தொடங்க முன்னம் அந்தப் பிள்ளை போனில் வந்தாள். இன்னும் காற்றில் போகவில்லை, எங்கள் இரண்டு பேருக்குள்தான் பேச்சு.

"ஆன்ட்டி, ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்க மாட்டீங்களே? அந்தப் பெயின்ட் வேலை பாக்குற அண்ணாவோட அம்மாவுக்கு உடம்பு ரொம்ப முடியலையாம். இந்த ஒரு வாட்டி அவருக்கு விட்டுக் குடுக்கிறீங்களா?"

நான் கொஞ்சமும் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் வேறு மாதிரிச் சொல்லியிருப்பேனோ தெரியாது.

"நான்தான் முதல் எடுத்தனான், பிள்ளை. ஒழுங்கு எண்டால் எல்லாருக்கும் ஒழுங்குதான்."

அவள் சரி என்று மட்டும் சொன்னாள். நிகழ்ச்சி தொடங்கியது. நார்த்மீட்டிலிருந்து என் கணவருக்காக என்று கேட்டேன். இரண்டு விளம்பரத்துக்குப் பிறகு போட்டார்கள். தண்ணீர் கொதிக்கக் கேத்திலை அமத்தினேன். தேத்தண்ணி ஊற்றினேன். வென்றுவிட்டேன் என்ற நினைப்போடு குடித்தேன்.

நாலரை மணியளவில் அவர் எடுத்தார். அன்றைக்கு ஏணிச் சத்தம் இல்லை. அம்மாவுக்கு அந்தப் பாட்டு வேண்டும் என்றார். அது போய்விட்டது, அண்ணா, வேறு பாட்டுப் போடட்டுமா என்று அந்தப் பிள்ளை தயங்கித் தயங்கிக் கேட்டாள். ரேடியோ நின்றுவிட்டதோ என்று நான் எட்டிப் பார்த்தேன்.

"வேறை பாட்டை அவ மட்டுக்கட்ட மாட்டா, தங்கச்சி," என்றார். "இப்ப ஆக்களையும் ஆர் எண்டு மட்டுக்கட்டுறா இல்லை. இது ஒண்டுதான் தெரியும். பரவாயில்லை. நான் வாறன்."

போனை வைத்துவிட்டார்.

தேத்தண்ணி பாதிக் கோப்பை மிச்சம் இருந்தது. குடிக்க முடியவில்லை. மகள் வந்து பைகளை மேசையில் வைத்தாள். பாலைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினாள். பிறகு மெல்லக் கேட்டாள், "அந்தாள் அழுதது உங்களுக்குக் கேட்டதோ?" அவளும் காரில் கேட்டிருக்கிறாள். சும்மா கதையாதை என்று சொன்னேன். எனக்கு அழுகை கேட்கவில்லை. காரில் சத்தம் கூட வைத்துக் கேட்பாள், அதனால் கேட்டிருக்கும்.

அடுத்த சனிக்கிழமை அவர் எடுக்கவில்லை. அதற்கடுத்த கிழமையும் இல்லை. நானும் எடுக்கவில்லை. யார் யாரோ கேட்டார்கள். பிறந்தநாளுக்குக் கேட்டார்கள், கலியாண நாளுக்குக் கேட்டார்கள். ஒவ்வொரு போனும் வரும்போது அந்த ஏணிச் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டு இருந்தேன். அதுவரை என் மனிசனுடைய விசிலுக்காக மட்டும் காத்திருந்த நான், முகம் தெரியாத ஒருவருடைய குரலுக்காகக் காத்திருக்கத் தொடங்கினேன். அந்த மாதம் போனது மாதிரி ஒரு மாதமும் மெல்லப் போனதில்லை.

பாட்டுக்கு மாதம் முடிந்த சனிக்கிழமை மூன்றரைக்கே போனை எடுத்தேன். அந்தப் பிள்ளை என் குரலைக் கேட்டதும், "வழக்கம் போலத்தானே ஆன்ட்டி?" என்றாள். காற்றில் விடு, அங்கே சொல்கிறேன் என்றேன். கோயிலில் என்னைத் தெரிந்த அத்தனை பேரும் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று தெரிந்துதான் சொன்னேன்.

"எனக்குப் பாட்டு வேண்டாம், பிள்ளை. போன மாதம் நீ என்னட்டை விட்டுக்குடுக்கச் சொல்லிக் கேட்டனீ. நான் மாட்டன் எண்டனான். அது பிழை. அந்தக் குவேக்கர்ஸ் ஹில் தம்பி எடுக்கிற வரைக்கும் அந்தப் பாட்டை ஒருத்தருக்கும் குடாதை."

சரி ஆன்ட்டி, அவருக்கே எடுத்து வைக்கிறேன் என்றாள்.

நாலரை ஆயிற்று. ஐந்தாயிற்று. உரிக்க எடுத்த வெங்காயம் உரிக்காமல் கிடந்தது. மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஐந்தே முக்காலுக்கு அவர் எடுத்தார். யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

தாய் இறந்து நாலு கிழமை என்றார். செத்த வீட்டுச் சடங்கைப் போனில்தான் பார்த்தாராம். மகள் என் கையைப் பிடித்தாள். நான் இழுத்துக்கொண்டேன்.

"அந்த நார்த்மீட் அன்ரி கேட்டுக்கொண்டு இருக்கிறாவோ தெரியேல்லை," என்றார் அவர். "அன்ரி, நீங்கள் பாட்டுக் கேட்ட அண்டைக்கு அம்மாவும் அதைக் கேட்டவ. அவவின்ர மருமகள்தான் போனைக் காதுக்குக் கிட்டப் பிடிச்சுக்கொண்டு இருந்தவ. பாட்டுத் தொடங்கினதும் கண்ணைத் திறந்து, தம்பி போட்டுட்டான் எண்டு சொன்னவவாம். அது நான் கேட்டதில்லை எண்டு ஒருத்தரும் அவவுக்குச் சொல்லேல்லை. அதுக்குப் பிறகு ஒரு கிழமைதான் இருந்தவ."

நான் ரேடியோவுக்கு முன்னால் எழுந்து நின்றேன். ஏன் நின்றேன் என்று தெரியாது. போனை எடுத்து ஏதாவது சொல்லியிருக்கலாம். என்ன சொல்வது?

பாட்டுப் போடவா, யாருக்காக என்று அந்தப் பிள்ளை கேட்டாள்.

"போடுங்கோ, தங்கச்சி. அன்ரி ஆருக்குக் கேக்கிறவவோ, அவருக்கே இருக்கட்டும்."

குழல் எழும்பியது. மூன்று வருடத்தில் நான் கூப்பிடாமல் என் மனிசனுக்காக அது வந்தது அன்றைக்குத்தான். கடைசி வரை நின்றே கேட்டேன். மகள்தான் தேத்தண்ணி போட்டுத் தந்தாள்.

அவர் சொன்னது உண்மையா, ஒரு கிழவியின் மனம் நோகக் கூடாது என்று சொன்னதா, எனக்குத் தெரியாது. கேட்டு அறியவும் வழியில்லை. அதற்குப் பிறகு அவர் எடுக்கவே இல்லை. யாருக்காக எடுப்பார்? ஆளை எனக்குத் தெரியாது. பரமட்டாவில் பெயின்ற் பட்ட உடுப்போடு எங்கள் ஆட்கள் யாராவது பஸ்ஸுக்கு நின்றால், வாய் திறக்க மாட்டாரா என்று பார்த்துக்கொண்டு நிற்பேன். குரலைக் கேட்டால் மட்டுக்கட்டிவிடுவேன்.

இப்போதும் மாதம் ஒரு முறை அந்தப் பாட்டைக் கேட்கிறேன். ஆனால் முதல் ஆளாக எடுப்பதில்லை, ஐந்தரை மணிக்குப் பிறகுதான் எடுக்கிறேன். யாருக்காக என்று அந்தப் பிள்ளை கேட்கும்போது என் கணவருக்கு என்று வாய் வரைக்கும் வரும். சொல்லாமல் கொஞ்சம் நிற்பேன். நான் கேட்கிற பாட்டை எந்த ஊரில், யாருடைய காதுக்குக் கிட்ட, யார் பிடித்துக்கொண்டு இருக்கிறார்களோ, எனக்கு எப்படித் தெரியும்?