நான்காவது பெஞ்சுக்கு வந்த தாள்

பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் இருபத்து மூன்று வருடமாகக் குவாலிட்டி செக்‌ஷனில் இருக்கிறேன். மேனேஜ்மென்ட் யாருக்காவது சார்ஜ்ஷீட் கொடுத்தால், கோ-ஒர்க்கர் என்ற முறையில் என்கொயரியில் துணைக்கு உட்காருவது நான்தான். எங்கள் ஆட்களிடம் ஒரு வியாதி உண்டு. தாளை நீட்டினால் போதும், கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். ஷூ வாங்கிய ரிஜிஸ்டர், ஓ.டி. ஷீட், பி.எஃப். ஃபார்ம் என்று போட்டுப் போட்டுக் கைக்கே பழகிவிட்டது.

பிரஸ் ஷாப் செல்வராஜுக்கு அப்படித்தான் வேலை போனது. நான் தண்ணீர் குடிக்கப் போன ஐந்து நிமிடத்தில், ‘விசாரணை நியாயமாக நடந்தது, சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய வாய்ப்பு தரப்பட்டது’ என்ற தாளில் கையெழுத்துப் போட்டிருந்தான். ஒரு சாட்சியைக்கூட எங்களைக் கேட்க விடவில்லை.

“ஏன்டா போட்ட?”

“என்கொயரி ஆபீசர் நீட்னாரு, போட்டுட்டேன்க்கா.”

வாய்க்கு வந்தபடி திட்டினேன். கேஸ் இப்போது லேபர் கோர்ட்டில் கிடக்கிறது. அவனோ ஆட்டோ ஓட்டுகிறான். அந்த எரிச்சலில்தான், நாற்பத்தெட்டு வயதில் எல்எல்பி படிப்பது என்று முடிவு செய்தேன்.

சேருவதற்கு முன் ஒரு வகுப்பில் உட்கார்ந்து பார்க்கலாம் என்று ஒரு காலேஜில் சொன்னார்கள். போனால், கேட்டிலேயே செக்யூரிட்டி மறித்தார். “பேரன்ட்ஸ் மீட்டிங் சனிக்கிழமை மேடம்.” நான்தான் படிக்கப் போகிறேன் என்று அவரை நம்ப வைப்பதற்குள் பாதி வகுப்பு போய்விட்டது.

உள்ளே லெக்சரர் நோட்ஸ் சொல்லிக்கொண்டிருந்தார். பாடம், என் அதிர்ஷ்டம், டொமஸ்டிக் என்கொயரி, எங்கள் தொழிற்சாலையில் நடக்கும் அதே விசாரணை. “மூணு பாயின்ட், பத்து மார்க், எழுதிக்கோங்க.” பிள்ளைகள் பாதிப் பேர் போனில் இருந்தார்கள். நான் கையைத் தூக்கினேன்.

“சார், எல்லாம் நியாயமா நடந்துச்சுன்னு தொழிலாளி கையெழுத்துப் போட்டுட்டா, அப்புறம் கோர்ட்ல என்ன செய்யறது?”

“அது போர்ஷன்ல இல்லம்மா. நெக்ஸ்ட் பாயின்ட்.”

இதற்கா லீவு போட்டு இரண்டு பஸ் மாறி வந்தேன் என்று பொருமிக்கொண்டிருந்தபோது, ஒரு தாள் கைமாறிக் கைமாறி நான்காவது பெஞ்சுக்கு வந்தது. கையெழுத்துப் போட்டுப் பக்கத்துப் பெண்ணிடம் தள்ளினேன்.

“ஆன்ட்டி, நீங்க சும்மா பாக்கதானே வந்தீங்க? இதுல ஏன் சைன் பண்ணீங்க?”

பிடுங்கிப் படித்தேன். ‘பாடம் முழுவதும் நடத்தப்பட்டது. மாணவர்களின் கேள்விகளுக்கு விளக்கம் அளிக்கப்பட்டது. குறை எதுவும் இல்லை.’

செல்வராஜைத் திட்டிய திட்டெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. எழுந்து நின்றேன்.

“சார், என் கையெழுத்த அடிச்சிடறேன்.”

“இன்னும் அட்மிஷனே ஆகல, அதுக்குள்ள கலாட்டாவாம்மா?”

“அட்மிஷன் ஆகாதவ கையெழுத்து இதுல இருக்கலாமா சார்?”

அடித்தேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த பாயின்ட்டுக்குப் போனார்.

திரும்பிப் போய்விடலாம் என்றுதான் படியிறங்கினேன். ஆனால் என் கேள்விக்குப் பதில் வேண்டும். வகுப்பில் இல்லாவிட்டால் லைப்ரரியிலாவது இருக்கும். ஆபீஸுக்குப் போய் அட்மிஷன் ஃபார்ம் கேட்டேன். கிளார்க் ஐந்து பக்கத்தை நீட்டி, கடைசிப் பக்கத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டுக் காட்டினார். “இல்லி சைன் மாடி அம்மா, பேக பேக.” இங்கே சீக்கிரம் கையெழுத்துப் போடச் சொல்லிக் கன்னடத்தில் அவசரப்படுத்தினார். பின்னால் வரிசை முணுமுணுத்தது. நான் முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தேன்.

போன் அடித்தது. செல்வராஜ்.

“என்னக்கா, சேந்துட்டியா?”

“இருடா. இன்னும் ரெண்டு பக்கம் படிக்கணும்.”