ஆர்லீன் வார்த்த குண்டுகள்

ஒவ்வொரு கட்டியாகச் சிமெண்டுத் தரையில் போட்டு, தலையைச் சாய்த்துக் கேட்கிறாள் ஆர்லீன். டயர் கடைக்குப் பின்புறம். கார்ச் சக்கரத்தைச் சமன் செய்ய விளிம்பில் மாட்டுகிற எடைக்கட்டிகள் அவை; கழற்றிப் போட்டது ஒரு வாளி நிறைய. ஈயமாக இருந்தால் தொப்பென்று விழுந்து கிடக்கும். துத்தநாகமாக இருந்தால் கிணிங்கென்று துள்ளும். துள்ளுவது தவறிப்போய்ப் பானைக்குள் சேர்ந்தால், உருகின ஈயம் மொத்தமும் கூழாகத் திரிந்துவிடும்.

"வாளியோட தூக்கிட்டுப் போயேன்மா. என் கடையில கச்சேரி எதுக்கு?" என்பார் கடைக்காரர் ரஸ்டி.

"சும்மா இருங்க. காது வேலை செய்யுது."

வாளிக்குப் பதிலாக அவருக்கு முடிவெட்டிவிடுவது என்று ஏற்பாடு. சால்மன் என்கிற அந்த மலையூரில் இரண்டே நாற்காலி போட்ட முடிதிருத்தும் கடை அவளுடையது. ஈயம் தொட்ட கையை முழங்கை வரை தேய்த்துக் கழுவாமல் யார் தலையிலும் கை வைக்கமாட்டாள்.

வீட்டுக்குப் பின்னால் கொட்டகை. கதவு ஜன்னல் எல்லாம் திறந்திருக்க வேண்டும்; தின்பண்டம் எதுவும் உள்ளே வரக்கூடாது. மின்சாரப் பானையில் ஈயம் உருகி, இரும்பு அச்சில் இறங்கும். அச்சு சூடேறும் வரை துப்பாக்கிக் குண்டுகள் தோல் சுருங்கித்தான் விழும். "குளிச்சிட்டு வா" என்று அவற்றைத் திரும்பப் பானைக்கே அனுப்புவாள். பிறகு வருகிறவை பளபளவென்று வரும். ஆறியதும் தேன்மெழுகு பூசி, பழைய பித்தளைக் கூட்டின் அடியில் தீப்பொறி தருகிற புதுக் கேப் பொருத்தி, வெடிமருந்து நிரப்பி, குண்டை மேலே அழுத்திவிட்டால் தோட்டா தயார். மருந்து நிரப்பும்போது மட்டும் பேசமாட்டாள். போன் வீட்டுக்குள்ளேயே கிடக்கும். நிரப்பி முடித்ததும் கூடு ஒவ்வொன்றிலும் மருந்தின் அளவை டார்ச் அடித்துப் பார்த்த பிறகுதான் குண்டை வைப்பாள்.

அந்த அக்டோபரில் தோட்டா கேட்டவன் அவள் தம்பி லைல். தோளில் அறுவை சிகிச்சை ஆன பிறகு, கடைத் தோட்டா சுடும்போது தருகிற உதையை அவனால் தாங்க முடியவில்லை. அவனுக்கென்று வெடிமருந்தைக் குறைத்துப் போட்டாள். கூட்டில் பாதிகூட நிரம்பாது. தவறி இரண்டு தடவை விழுந்தாலும் வெளியே வழியாது, சுடும்போது துப்பாக்கியே வெடிக்கும் என்பதுதான் அதில் இருக்கிற வம்பு.

சனிக்கிழமை காலை, பக்கத்து வீட்டு நடீனின் தலையில் நுரை போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். லைல் முந்தின நாளே தோட்டாப் பெட்டியை எடுத்துக்கொண்டு மலைமேல் மான் வேட்டைக்குப் போய்விட்டான்.

"அன்னைக்கு எங்க வீட்டுக் குழாய் வெடிச்சப்ப நீ ஓடி வந்தே பாரு, சிரிப்பா வந்துச்சு. ஒரு பித்தளைக் கூட்டை விடாம கையில புடிச்சுக்கிட்டே வந்தே" என்றாள் நடீன்.

ஆர்லீனின் விரல் நின்றது.

லைலின் தோட்டாக்களுக்கு மருந்து நிரப்பிக்கொண்டிருந்த நாள் அது. திரும்பி வந்து அந்தக் கூட்டை மற்றவற்றோடு வைத்தது நினைவிருந்தது. அதில் மருந்து இருந்ததா, மறுபடி போட்டோமா, தெரியவில்லை. நனைந்து, குளிரில் நடுங்கி வந்த அன்றைக்கு எந்தக் கூட்டிலும் டார்ச் அடித்துப் பார்க்கவில்லை.

"தலைய நீயே அலசிக்கோ" என்று துண்டை நடீன் மடியில் போட்டாள். மலைமேல் போன் எட்டாது. கொட்டகைக்குப் போய்த் தோட்டா பிரிக்கிற பிளாஸ்டிக் சுத்தியலை எடுத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள். மலைப்பாதையில் எங்கே வெடிச்சத்தம் கேட்டாலும் அவள் கால் பிரேக்குக்குப் போயிற்று.

லைல் கூடாரத்துக்கு வெளியே உருளைக்கிழங்கு வறுத்துக்கொண்டிருந்தான்.

"என்னக்கா, வாசனை ஊர் வரைக்கும் வந்திருச்சா?"

"சுட்டியா?"

"இல்ல. ஒண்ணு வந்துச்சு, குட்டியோட. விட்டுட்டேன்."

"துப்பாக்கில இருக்கறதையும் எடு. பெட்டியக் கொண்டா."

விஷயத்தைச் சொன்னாள். அவன் சிரித்தான். "உன் தோட்டா என்னைக்கு என்னை ஏமாத்துச்சு? எல்லாத்தையும் உடைச்சிட்டா நான் மானைக் கல்லால அடிக்கவா?"

"தோளுக்கே இந்தப் பாடு படுத்துனே. மூஞ்சியும் போச்சுன்னா யாருடா பாக்கறது? இப்பவே பாக்குற மாதிரி இல்ல."

சுத்தியலின் தலையில் ஒரு துளை. தோட்டாவை உள்ளே செருகி மரக்கட்டையில் ஓங்கித் தட்டினால் குண்டும் மருந்தும் கழன்று விழும். ஒவ்வொன்றாகத் தட்டி, மருந்தைத் தட்டில் கொட்டிப் பார்த்தாள். சரியான அளவு. அடுத்ததும் சரி. லைல் வறுத்த கிழங்கைத் தின்றபடி, "நுரையோட ஒரு பொம்பளைய விட்டுட்டு வந்தியே, அந்தப் பாவம் சும்மா விடாது" என்று சீண்டிக்கொண்டேயிருந்தான்.

பெட்டியில் பாதி தாண்டியபோது ஒரு தோட்டாவிலிருந்து குண்டு மட்டும் விழுந்தது. கூட்டைக் கவிழ்த்தாள். ஒரு பொடிகூட இல்லை. ஓடிய ஓட்டத்தில் எல்லாம் கொட்டியிருக்கிறது.

லைல் மெல்லுவதை நிறுத்தினான். அவனுக்கும் தெரியும். மருந்தில்லாத தோட்டாவைச் சுட்டால், கேப்பின் தள்ளலில் குண்டு குழலுக்குள் கொஞ்ச தூரம் போய் அடைத்துக்கொள்ளும். புஸ்ஸென்று போயிற்றே என்று அடுத்ததைப் போட்டுச் சுட்டால், கன்னத்தோடு ஒட்டி வைத்திருக்கிற துப்பாக்கி அங்கேயே வெடிக்கும்.

"அக்கா..." என்றான். பிறகு, "அதான் கெடச்சிருச்சே. போதும், விடு. கை வலிக்கப்போவுது" என்றான்.

ஆர்லீன் பெட்டியிலிருந்து அடுத்த தோட்டாவை எடுத்துச் சுத்தியலில் செருகி, கட்டையில் ஓங்கித் தட்டினாள்.