நாலரை மணிக்கு எழுப்பும் வேலை

காலை நாலரைக்கு என் போனில் அலாரம் அடிக்கும். எழுந்து முகம்கூடக் கழுவாமல், ஊரான் பிள்ளைகளை எழுப்ப உட்காருவேன். பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறவளுக்குப் பாடம் நடத்துவது பாதி வேலைதான். மீதி இதுதான்.

மாவட்டத்தின் முதல் முன்னுரிமை பத்தாம் வகுப்புத் தேர்ச்சி என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்வார்கள். இரண்டாவது முன்னுரிமை என்னவென்று பக்கத்து நாற்காலியில் இருந்த ஆசிரியரிடம் ஒருமுறை மெதுவாகக் கேட்டேன். "முதலாவத மறக்காம இருக்கறதும்மா" என்றார் அவர். சிரிப்பு வந்துவிட்டது. மேடையில் இருந்தவர் என்னையே பார்த்ததால் அதை இருமலாக மாற்றிக்கொண்டேன்.

எங்கள் பள்ளி கீழ்பென்னாத்தூர் போகிற வழியில் இருக்கிறது. படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளை ஆசிரியர்களுக்குப் பிரித்துக் கொடுத்து, அதற்குத் 'தத்து' என்று பெயரும் வைத்தார்கள். தத்துப் பிள்ளையை விடியற்காலையில் நாம்தான் போன் செய்து எழுப்ப வேண்டும். அது புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிற படத்தை வாங்கி, தலைமையாசிரியர் பார்க்கிற வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். படம் வராவிட்டால் அவர் எனக்குப் போன் செய்வார். அவருக்கு மேலே இருக்கிறவர் அவருக்குச் செய்வார். ஒருவரை ஒருவர் எழுப்பிக்கொண்டு மாவட்டமே விழித்திருந்தது.

வேங்கிக்காலில் எங்கள் வீட்டில் மட்டும் அந்த முன்னுரிமை செல்லுபடியாகவில்லை. "ஊரான் பிள்ளைய ஊட்டி வளர்த்தா தன் பிள்ளை தானா வளரும்பாங்க. உன் பொண்ணு தானா எழுந்துக்கற மாதிரி தெரியலையே" என்பார் என் கணவர், போர்வைக்குள் இருந்தபடியே. மகள் ஏழு மணிக்கும் எழுந்திருக்க மாட்டாள்.

எனக்குத் தத்து வந்தவர்களில் ஒரு பெண்ணைத்தான் எழுப்ப வேண்டியதே இல்லை. முதல் மணியிலேயே எடுத்துவிடுவாள். "எழுந்துட்டேன் மிஸ்" என்று சொல்லும்போது மூச்சு வாங்கும். பின்னால் தவளைச் சத்தம் கேட்கும். வீட்டுக்குள் ஏது தவளை என்று ஒருநாள் கேட்டேன்.

"வீட்ல இல்ல மிஸ். கொல்லியில இருக்கறேன். பூப் பறிக்கறோம்."

வீட்டை ஒட்டிய கொல்லியில், அந்தத் துண்டு நிலத்தில், அவர்களுக்குக் கொஞ்சம் முல்லை இருந்தது. அப்பா பெங்களூரில் கட்டட வேலை. அம்மாவும் இவளும் தலையில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு மூன்று மணிக்கே கொல்லியில் இறங்கிவிடுவார்கள். நான் போன் செய்ததும் இவள் வரப்பில் உட்கார்ந்து, மடியில் புத்தகத்தை விரித்து, டார்ச் வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து அனுப்புவாள். உடனே மறுபடியும் பறிக்கப் போய்விடுவாள். நானும் அதைக் குழுவில் போட்டுவிடுவேன். ஒரு படத்தில் புத்தகத்தின் மேல் மொக்குகள் சிதறிக் கிடந்தன. தலைமையாசிரியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "படத்துல பூ தெரியக்கூடாதும்மா. கேள்வி வரும்" என்றார்.

அரையாண்டுத் தேர்வில் அவள் கணக்கில் தேறவில்லை. மற்ற பாடங்களில் தட்டுத்தடுமாறிக் கரையேறியிருந்தாள். பகலெல்லாம் தூங்கி வழிகிறவளுக்குக் கணக்கு எப்படி ஏறும்? அவள் அம்மாவைப் பார்த்துப் பேசுவது என்று முடிவு செய்தேன். என்னிடம் அப்போது வீரத்துக்குக் குறைவில்லை.

அந்த அம்மா வாசலில் உட்கார்ந்து பூவைப் படி போட்டு அளந்துகொண்டிருந்தார். சேரை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார்.

"நான் இன்னா டீச்சர் பண்ணட்டும்? வெயில் ஏறுனா மொக்கு விரிஞ்சிடும். விரிஞ்ச பூவ திருவண்ணாமலை மார்க்கெட்ல ஒருத்தன் தொடமாட்டான். பௌர்ணமி வந்துட்டா இன்னும் ஜாஸ்தி வேணும்பான். ஒத்தக் கையால ஆவுமா?"

"பரீட்சை முடியற வரைக்கும்தாங்க. பொண்ணைக் கொல்லிக்கு அனுப்பாதீங்க. பாஸாயிடுவா, நான் பாத்துக்கறேன்."

அவர் பூவை அளப்பதை நிறுத்தினார். "அவங்க அப்பா இன்னா சொல்லிட்டாரு தெரியுமா டீச்சர்? பாஸானா மேல படிக்கட்டும். கோட்டை விட்டா பெங்களூருக்கு வந்துடணும், அவருகூட செங்கல் தூக்க. அதுக்கா இவள பெத்தேன்?" படியை மறுபடி கையில் எடுத்தபடி, "சரி, அவ படிக்கட்டும். நான் எப்படியாவது சமாளிச்சுக்கறேன்" என்றார்.

எழுந்து வரும்போது எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு பெண்ணை மீட்டுவிட்டதாக நினைத்தேன். மறுநாள் முதல் வீட்டுச் சுவரோரம், பாயில், ஒழுங்கான விளக்கு வெளிச்சத்தில் அவள் படிக்கிற படம் வந்தது. பூ இல்லை. தவளையும் இல்லை. "இதுதாம்மா படம்" என்று தலைமையாசிரியர் குழுவிலேயே பாராட்டினார்.

எப்படியாவது என்றால் எப்படி என்று அந்த அம்மாவிடம் நான் கேட்டிருக்கவில்லை.

பொங்கல் முடிந்து பள்ளி திறந்த வாரம். ஏழாம் வகுப்புக்கும் நான்தான் கணக்கு. கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினால், இரண்டாம் வரிசையில் ஒரு சின்னப்பெண் நோட்டில் கன்னத்தை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். துறுதுறுவென்று பதில் சொல்கிற பிள்ளை. எழுப்பி, "இன்னா, டிவி பாத்தியா?" என்று அதட்டினேன்.

"இல்ல மிஸ். பூ" என்றாள். விரல் நுனிகள் பச்சைக் கறையாக இருந்தன. "அக்காவுக்குப் பரீட்சை இல்ல? அதான் அவ வரிசையும் சேர்த்து நானே பறிக்கறேன். அக்கா பாஸாவணும்னு நீங்கதான மிஸ் சொன்னீங்க?"

குற்றம் சொல்கிற குரலே இல்லை. பெருமையாகத்தான் சொன்னாள். கரும்பலகைப் பக்கம் திரும்பி, ஏற்கெனவே சரியாக எழுதியிருந்த கணக்கை அழித்து மறுபடியும் எழுதினேன்.

அன்று மதியமே தலைமையாசிரியர் அறைக்குப் போனேன். நான் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார். கெட்ட மனிதர் இல்லை. "ஏழாவதுக்குப் பப்ளிக் இல்லையேம்மா" என்றார். பிறகு அவருக்கே அது நன்றாகப் படவில்லை போல. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என்னை இன்னா பண்ணச் சொல்றீங்க? பெரியவ ஃபெயிலானா நூறு சதவீதம் போச்சு, நான் விளக்கம் எழுதணும். அந்த அம்மாவைப் பூ பறிக்காதேன்னு சொன்னா சோறு நீங்க போடுவீங்களா, நான் போடுவனா?"

பெரியவளைக் கொல்லிக்குத் திருப்பி அனுப்பச் சொன்னால் அவள் செங்கல் தூக்கப் போவாள். சின்னவளை விடச் சொன்னால் பூ விரிந்துவிடும். வாயை மூடிக்கொண்டிருந்தால் சின்னவளின் படிப்பு தேயும். போர்வை ஒன்று, பிள்ளைகள் இரண்டு. நான் ஒருத்தி பக்கம் இழுத்து விட்டிருக்கிறேன், அவ்வளவுதான்.

என்னால் முடிந்தது ஒன்றே ஒன்று. சின்னவளைக் கடைசி வரிசைக்கு மாற்றி, சுவரோரம் உட்கார வைத்து, என் வகுப்பில் தூங்க விட்டேன். யாராவது ஆய்வுக்கு வந்தால் எழுப்பிவிடும்படி பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லி வைத்தேன். கணக்கு டீச்சர் கணக்கு வகுப்பில் தாலாட்டாத குறை. மாலையில் பெரியவளுக்குச் சிறப்பு வகுப்பு எடுப்பேன். சின்னவள் வெளியே படியில் அக்காவுக்காகக் காத்திருந்து, அங்கேயும் தூங்குவாள்.

பெரியவள் தேறினாள். கணக்கில் மயிரிழையில். பள்ளியில் எல்லோருமே தேறினார்கள். அந்த அம்மா ஒரு பை நிறைய முல்லை கொண்டுவந்து என் கையில் கொடுத்து அழுதார். "உங்களாலதான் டீச்சர், எம் பொண்ணு பொழச்சா" என்றார். நானும் அழுதேன். சந்தோஷம் பொய்யில்லை; ஆனால் பையில் யார் பறித்த பூ என்று தெரிந்ததால் தலையில் வைக்க மனம் வரவில்லை.

நூறு சதவீதம் காட்டிய பள்ளிகளைக் கலெக்டர் ஆபீஸ் கூட்ட அரங்கில் பாராட்டினார்கள். எனக்கும் ஒரு சால்வை. அனுபவத்தைச் சொல்லும்படி மைக்கைக் கொடுத்தார்கள். ஏழாம் வகுப்பில் ஒரு பெண் இருக்கிறாள் என்று தொடங்கத்தான் நினைத்தேன். "நிர்வாகத்துக்கு நன்றி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். கை தட்டினார்கள். வரும் ஆண்டுக்கும் முதல் முன்னுரிமை அதுவேதான் என்று அறிவித்தார்கள்.

மறுநாள் நாலரைக்கு அலாரம் அடித்தது. பரீட்சை முடிந்தும் அதை நிறுத்தாமலே விட்டிருந்தேன். பாதித் தூக்கத்தில், கைப்பழக்கத்தில் பெரியவளின் எண்ணையே அழுத்திவிட்டேன். சுதாரிப்பதற்குள் முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்கள். தவளைச் சத்தம் கேட்டது. சின்னவள்.

"மிஸ், அக்காதான் பாஸாயிட்டாளே. தூங்கறா. எழுப்பட்டுமா?"

"வேணாம்மா. தெரியாம போட்டுட்டேன்."

மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது. பிறகு, "எனக்கா மிஸ் போன் பண்ணீங்க?" என்றாள், ஆசையோடு. "என்னை எழுப்பவா? நான் எப்பவோ எழுந்துட்டேனே மிஸ்."