மீனாவுக்கு மேல் ஒரு ஒட்டு

கோட்டையூர் பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறேன். கையில், கடைக்காரர் முறுக்குப் போட்டுக் கொடுத்த பழைய மஞ்சள் துணிப்பை. அதில் ‘முத்துக்குமார் – மீனா திருமணம்’ என்று அச்சடித்திருக்கிறது. சைக்கிளில் போகிற ஒருவர் அதைப் பார்த்ததும் குதித்து இறங்குகிறார்.

“அண்ணே, அந்தப் பையைக் குடுங்க. நான்தான் முத்துக்குமார்.”

“சந்தோஷம். மீனா சௌக்கியமா?”

“அந்தக் கல்யாணமே நடக்கலண்ணே! அச்சடிச்ச பையை வீணாக்க மனசில்லாம எங்கம்மா கடை கடையாக் குடுத்துருச்சு. நான் கட்டுனது செல்வியை. சந்தைக்குள்ள நுழைஞ்சா ஆளுக்கு ஒரு மீனாவைத் தூக்கிட்டு வாராக. செல்வி என்கூடச் சந்தைக்கு வரவே மாட்டேங்குறா.”

“வாங்கி எரிச்சிருவீங்களா?”

“எரிக்கிறதா? நல்ல துணிண்ணே, செல்வி கொன்னுருவா!”

சைக்கிளில் தொங்கும் இன்னொரு மஞ்சள் பையை எடுக்கிறார். அதில் மீனாவின் மேல் சிவப்புத் துணியை ஒட்டுப்போட்டு, ‘செல்வி’ என்று நூலால் தைத்திருக்கிறது. என் முறுக்கை அதற்கு மாற்றித் தருகிறார்.

“எழுத்து வெளிய தெரியிற மாதிரிப் பிடிங்கண்ணே.”

பேருந்து வருகிறது, ஏறுகிறேன். நடத்துநர் இருக்கைக்கு மேல் அவருடைய சாப்பாட்டுத் தூக்கு இன்னொரு ‘முத்துக்குமார் – மீனா’ மஞ்சள் பையில் ஆடுகிறது. முத்துக்குமாரும் அதைப் பார்த்துவிடுகிறார். சைக்கிளைச் சுவரோரம் சாய்த்துவிட்டு ஓடிவந்து ஏறுகிறார்.

“எங்கய்யா போகணும்?” என்கிறார் நடத்துநர்.

“நீங்க எங்குட்டு உக்காந்து சாப்பிடுவீகளோ, அங்குட்டுக்கு ஒரு டிக்கெட்.”