அத்தை எறிந்த மண்கட்டி

என் அத்தையைப் போல ஒரு பிடிவாதக்காரியை நான் இதுவரை பார்த்ததில்லை. மாமா வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அதைச் செய்தே தீருவாள்.

கார் நெல் அறுப்புக்கு மிஷின் இறங்கிய அன்று, வரப்போரப் புதரிலிருந்து ஒரு பெண்மயில் பதறிப் பறந்தது. உள்ளே தரையில் ஐந்து முட்டைகள். பொழுது சாய்ந்தும் தாய் திரும்பவில்லை. அத்தை அவற்றை முந்தானையில் பொதிந்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

மாமாவுக்கு மயில் என்றாலே ஆகாது. நாற்றங்காலில் பாதி அவற்றுக்குத்தான் போகிறது என்பது அவர் கட்சி. "வனத்துறைக்குத் தெரிஞ்சா கேஸு ஆயிரும். வளந்து நம்ம வயல்லதான் வந்து மேயும்" என்று குதித்தார்.

"அப்பம் நாய் தின்னட்டும்னு விட்டுட்டு வரச் சொல்லுதியளா?" என்றாள் அத்தை. அதோடு பேச்சு முடிந்தது.

அடைக்குக் கிடந்த கருப்புக் கோழிக்குக் கூடையில் வைக்கோல் பரப்பி, இடிச் சத்தத்தில் முட்டை கெடாமலிருக்கக் கரித்துண்டும் ஆணியும் போட்டு, மயில்முட்டைகளை வைத்தாள். கோழிமுட்டைக்கு மூன்று வாரம் போதும், மயிலுக்கு நாலு. நடுவில் கோழி எழுந்து போய்விட்டால் எல்லாம் கூமுட்டைதான். அந்தக் கடைசி வாரம் அத்தைக்குச் சோறு இறங்கவில்லை. கோழியோ கொண்டை வெளுத்து, எலும்பும் தோலுமாகி, எழுந்திருப்பேனா என்று கிடந்தது. அடேயப்பா, அதுவல்லவா தாய்! நாலு குஞ்சுகள் பொரிந்தன; அதில் ஒன்றுக்கு மட்டும் கால் லேசாக நொண்டும்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. பேர் வைக்கட்டுமா என்று கேட்டேன்.

"பேரும் வேண்டாம், ஊரும் வேண்டாம். தொட்டேன்னு வையி, கைய ஒடிச்சிருவேன், கேட்டியாட்டி?"

கரையான் புற்றைப் பெயர்த்துவந்து தொழுவத்தில் வைப்பது அவள்தான். ஆனால் கோழி அதைக் கொத்திக் காட்டுவதைக் கதவிடுக்கு வழியாகத்தான் பார்ப்பாள். சீக்கிரமே குஞ்சுகள் உத்தரத்துக்குப் பறந்து ஏறிவிட, பாவம், கோழி கீழே நின்று கூப்பாடு போட்டது. அத்தை ஒரு மூங்கிலைச் சாய்த்துவைத்தாள். கோழி தத்தித் தத்தி மேலே போய் நாலையும் இறக்கைக்குள் வாங்கிக்கொண்டது. இரண்டு பேரில் யாரை மெச்சுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த போகமான பிசானத்துக்கு நாற்றுப் பாவிய சமயம், கீழவயலில் யாரோ நெல்லில் விஷம் கலந்து வைத்துவிட்டார்கள். மயில்கள் வரப்பு நெடுகச் செத்துக் கிடந்தன. அத்தை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். மறுநாளிலிருந்து, குஞ்சுகள் எங்கள் பக்கம் எட்டிப் பார்த்தாலே மண்கட்டியை எடுத்து எறிந்தாள். மேலே படாமல் பக்கத்தில் விழும்படி எறிவதில் அவள் கெட்டிக்காரி. எனக்கென்றால் பற்றிக்கொண்டு வந்தது. இப்படி விரட்டுவதற்கா அவ்வளவு பாடுபட்டு வளர்த்தாள்? பிசாசு, பிசாசு என்று மனதுக்குள் வைதேன்.

அறுப்பு முடிவதற்குள் நாலும் ஆற்றங்கரை மருதமரங்களுக்குக் குடிபோய்விட்டன. ஒரு நாள் நானும் அத்தையும் போனபோது, அறுத்த தாள் நின்ற வயலில் மயில் கூட்டம் மேய்ந்துகொண்டிருந்தது. அதில் லேசாக நொண்டியது எங்கள் வீட்டுக் குஞ்சு. கூடவே மற்ற மூன்றும். ஆசையாகக் கூப்பிட்டுக்கொண்டே ஓடினேன். மற்ற மயில்கள் தலையைத் தூக்குவதற்குள் எங்கள் நாலும் விருட்டென்று எழும்பி ஆற்றைத் தாண்டிவிட்டன.

வரப்பில் உட்கார்ந்து அழுதேன். "நம்மள அடையாளமே தெரியல அத்தை."

"ஆளக் கண்டதும் பறந்துட்டுல்லா? அது போதும். அழாதட்டி" என்றாள் அத்தை. அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. ஆனால் வீட்டுக்கு வந்ததும் மாமாவிடம், "நம்ம பிள்ளைக நாலும் பொழச்சிக்கிடும்" என்று வாயெல்லாம் பல்லாகச் சொன்னாள். வளர்த்தவளை மறந்துவிட்டுப் போனதற்கு ஒருத்தி ஏன் இவ்வளவு சந்தோஷப்படுகிறாள் என்று அன்றைக்கு எனக்கு விளங்கவே இல்லை.