முந்தலில் அரை மணி நேரம்

போடிமெட்டிலிருந்து பழநிக்கு நடக்கும் எங்கள் ஏலத்தோட்டத்துக் கூட்டம் பழைய கழுதைப் பாதையில் இறங்கிக்கொண்டிருக்கிறது. தோட்டத்தின் ஈரக் குளிர் பாதி மலையிலேயே நின்றுவிட்டது; இனிக் காய்ந்த புல்லும் வெயிலும்தான். இருபது வருடம் என் மனைவி செல்லத்தோடு நடந்த பாதை. சரளை சறுக்கும் இடங்களில் என் துண்டின் நுனியைப் பிடித்துக்கொண்டு வருவாள். போன ஆடியில் இறந்துவிட்டாள். இந்தத் தைப்பூசத்துக்கு நான் மட்டும் வந்திருக்கிறேன்.

அடிவாரத்தில், முந்தலில், நாங்கள் எப்போதும் நிற்கும் பாயின் டீக்கடை.

"வாங்கண்ணே. அக்கா பின்னால வருதா?" என்கிறார்.

சொல்கிறேன். வடிகட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்க்கிறார்.

"கூட்டம் முன்னால போயிருச்சு பாய், வெரசா ஒரு டீ குடுங்க. செல்லம் இருந்தா கால் வலின்னு இங்கன அரை மணி நேரம் உக்காந்திரும். வருசா வருசம் அதுக்கு எங்கிட்ட ஏச்சு வாங்கும்."

"அக்காவுக்கு ஏதுண்ணே கால் வலி?" என்கிறார் பாய். "நீங்க மூஞ்சி கழுவக் குழாயடிக்குப் போனதும் எங்கிட்ட வந்து சொல்லும். 'அவருக்கு மூச்சு வாங்குது பாய், சொன்னா ரோசம் வந்துரும். நான் கால் வலின்னு உக்காந்துக்கிறேன், நீங்க டீயை மெதுவாப் போடுங்க'ன்னு."

என் நெஞ்சு இரைப்பது இப்போதுதான் எனக்கே கேட்கிறது.

சாலை வளைவில் கூட்டத்தின் அரோகரா தேய்ந்து மறைகிறது. தோள்பையை இறக்கி வைத்துவிட்டுப் பெஞ்சில் உட்காருகிறேன்.

"மெதுவாவே போடுங்க பாய்," என்கிறேன்.